பதினெட்டாவது ராயப்பன்

காலையிலிருந்து ஜெசிந்தாவின் தம்பி பதினாறு முறை அழைத்துவிட்டான். பதினாறும் போலி.

பதினேழாவது மணி அடித்தபோது அவள் எழக்கூட இல்லை. சுவரில் இருந்த சொற்காவலி வழக்கம்போல், "குடும்பச் சொல்?" என்று கேட்டது. "நங்கூரம்" என்றது ராயப்பனின் குரல், கொஞ்சமும் யோசிக்காமல். அது போன மாதச் சொல். பழைய சொற்கள் திருட்டுச் சந்தையில் கொள்ளை மலிவு. சிவப்பு விளக்கு எரிந்து இணைப்பு அறுந்தது.

மூன்று வாக்கியம் கிடைத்தால் போதும், குரல் ஆலைகள் யார் குரலையும் நெய்துவிடும். எண்ணையும் திரித்துவிடும், திருப்பி அழைத்தால் அவர்கள் மடியில்தான் போய் விழும். அதனால் ஜெசிந்தாவின் தெருவில் மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் சொல்லை மாற்றிவிடுவார்கள். எழுதி வைக்கக் கூடாது. வீட்டாருக்கு நேரில் சொல்ல வேண்டும்.

ராயப்பன் கடற்பாசிப் பண்ணை மிதவையில் வேலை பார்ப்பவன். காற்று ஏறிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் துறைமுகத்தில் மீட்புப் படகு ஒன்றே ஒன்று, கடல் ரோந்துக்கும் அதுதான். அதைத் திசைமாற்றிவிட்டால் கடத்தல்காரர்களுக்குக் கொண்டாட்டம். எனவே உறவினர் காவலியில் பெருவிரல் வைத்து உறுதி சொன்னால்தான் படகு கிளம்பும். ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு உறுதி. போன வருடம் ஒரு போலியின் அழுகைக்கு இரங்கி ஜெசிந்தா விரல் வைத்தாள். ஊரே சிரித்தது. இப்போது யார் அழுதாலும் அவளுக்குக் கொட்டாவிதான் வருகிறது. அதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது.

மறுபடி மணி.

"எக்கா, மிதவை கழண்டுட்டு. வடக்க இழுத்துட்டுப் போவுது."

"சொல்லு என்னல?"

"தெரியலக்கா."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினேழு பேரும் ஏதோ ஒரு சொல்லைத் துணிந்து அடித்துவிட்டிருந்தார்கள். ராயப்பனோ சொந்த வகுப்பையே மறந்து பக்கத்து வகுப்பில் போய் உட்கார்ந்த மகராசன். தெரியாது என்கிறவன்தான் அவனாக இருக்க முடியும். அலுப்பெல்லாம் போய் அவளுக்கு அழுகை வந்தது.

காவலி சிவப்பைக் காட்டியது. இணைப்பு அறுவதற்குள், வீட்டுத் தலைவி என்ற உரிமையில் அவள் அங்கேயே சொல்லை மாற்றினாள். இனி அந்த வீட்டின் சொல், 'தெரியலக்கா'.

"இன்னொருக்கா சொல்லுல."

"தெரியலக்கா."

பச்சை. பெருவிரலை அழுத்தினாள். ஜன்னல் வழியே பார்த்தபோது படகு வடக்கே விரைந்துகொண்டிருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தேநீர் போட எழுந்தாள்.

மணி அடித்தது.

"எக்கா, வச்சிராத! நங்கூரம் நங்கூரம்னு எத்தன தடவ சொல்லுதேன்? மிதவை தெக்க போய்க்கிட்டிருக்கு."

"அது பழைய சொல்லுல" என்றாள், களைப்போடு.

"போன ஞாயித்துக்கெழம நான் கடல்லல்லா கெடந்தேன்? நீ எனக்குப் புதுசு சொல்லவே இல்லியே. எனக்கு எப்படித் தெரியும்? தெரியலக்கா."

பச்சை விளக்கு எரிந்தது.

அவள் ஓடிப்போய்ப் பெருவிரலை அழுத்தினாள். எடுத்து, முந்தானையில் துடைத்து, மறுபடி அழுத்தினாள்.

"இந்த வீட்டுக்கான இன்றைய உறுதி ஏற்கப்பட்டுவிட்டது" என்றது காவலி. "மோசடியிலிருந்து பாதுகாப்பாக இருங்கள்."