பத்து மணிக்கு நிற்கும் குழாய்

சாந்தோம் பக்கத்துக் குப்பத்தில் நாற்பது வீடு. குழாய் ஒன்றே ஒன்று. காலை எட்டு மணிக்குத் தண்ணீர் வரும், பத்து மணிக்கு நின்றுவிடும். அதையும் பிடுங்கப் போகிறார்கள் என்றால் தேவானைக்கு வயிறு எரியாதா?

சுதந்திரம் வந்த மறு வருஷக் கோடை அது. தம்பிப் பயலுக்குக் கஞ்சி ஊட்டி, அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் ஓடி வருவதற்குள் பத்தாக ஐந்து நிமிடம். பத்து வயதுப் பெண்ணுக்கு இன்னொரு கையில் சொம்புதான் தூக்க முடிந்தது. அது நிறைந்ததும் குழாய் நின்றுவிட்டது.

எட்டு மணியிலிருந்து குடையும் நோட்டுமாக நின்றிருந்த குழாய் இன்ஸ்பெக்டர் ராஜநாயகம் தலையை ஆட்டினார்.

"மூணு நாளா பார்க்கிறேன். உன்னைத் தவிர ஈ காக்கை வரலை. குழாயைக் கழற்றி வேற தெருவுக்குப் போடச் சொல்லி எழுதிடப் போறேன்."

"ஐயோ, வாணாங்கய்யா! அல்லாரும் கரையில கீறாங்க. கட்டுமரம் வர்ற நேரம். மீனைத் தூக்கிக்கினு அப்படியே சந்தைக்குப் போய்டுவாங்க."

"சரி பாப்பா. ஆனா இது ஜனங்களோட வரிப் பணத்துல போட்டது. வீணாக விடலாமா?"

தேவானைக்குச் சுருக்கென்றது.

"எங்கம்மாவும் வரி கட்டுதுங்கய்யா! சந்தை வாசல்ல கூடைக்குக் காசு வாங்கிக்கினு தினம் சீட்டு கிழிச்சுத் தராங்க. நாங்க மட்டும் ஜனங்க இல்லியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார் இன்ஸ்பெக்டர். இருமல்தான் வந்தது. இரண்டு மணி நேர வெயிலில் தொண்டை வறண்டிருந்தது. குழாயைத் திருகினார். ம்ஹூம்!

தேவானைக்குப் பளிச்சென்று ஒரு யோசனை தோன்றியது.

"வாங்கய்யா, வீடு வீடாத் தண்ணி கேட்டுப் பாக்கலாம்."

முதல் வீட்டில் பானை காலி. இரண்டாம் வீட்டிலும் காலி. மூன்றாம் வீட்டில் பானையே கவிழ்த்திருந்தது. நான்காம் வீட்டில் வலை தைத்துக்கொண்டிருந்த தேசப்பன் பொக்கை வாயால் சிரித்தார்.

"தண்ணியா? சாயங்காலம் என் மருமவ மயிலாப்பூர்லேருந்து ஒரு கொடம் தூக்கியாரும். அப்பால வா நைனா!"

ராஜநாயகத்தின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. தேவானை சொம்பை நீட்டினாள்.

"குடிங்கய்யா. எங்கம்மா வர்ற வரைக்கும் எங்க வூட்டுக்கு இவ்ளோதான்."

அவர் இரண்டே மடக்குக் குடித்துவிட்டு, சொம்பை மெல்லத் திருப்பித் தந்தார். வெட்கமாக இருந்தது அவருக்கு.

"உங்க ஜனங்க காலையில ஒரு மணி நேரமாவது இங்க வரக்கூடாதா?"

"கடலாண்ட நேரத்த மாத்திக்கோன்னு சொல்ல முடியாதுங்கய்யா. கொழாயாண்ட சொல்லலாமே!"

ராஜநாயகம் குடை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நோட்டில் மூன்று நாளாகக் குறித்து வைத்திருந்ததை அடித்துவிட்டுப் புதிதாக ஏதோ எழுதினார்.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் நான்கு மணி. குழாய் இருமியது, துப்பியது, பிறகு சோவென்று கொட்டியது! குப்பமே ஓவென்று கத்தியது. தேவானையின் அம்மா மீன் கூடையைக் கீழே போட்டுவிட்டு மகளைத் தூக்கிச் சுற்றினாள்.

வேர்க்க விறுவிறுக்க வந்த ராஜநாயகம் கூட்டத்தில் புகுந்து, ஒரு வாய் குடிக்கக் கையை நீட்டினார்.

"ஐயா! வரிசையில வாங்க!" என்று தேவானை கத்தினாள்.

இன்ஸ்பெக்டர் மறுபேச்சில்லாமல் நாற்பது குடங்களுக்கும் பின்னால் போய் நின்றுகொண்டார்.