எதிராளியைப் பார்க்காத ஆட்டம்

செவ்வாய்க் கிரகத் துறைமுகத்தில் பூமிக்குக் கப்பல் ஏறுமுன், தான் மனிதர்தான் என்று நிரூபிக்க ஒவ்வொரு பயணியும் சதுரங்கம் ஆட வேண்டும். கைரேகையையும் கண்ரேகையையும் இயந்திரர்கள் போலியாகச் செய்யத் தொடங்கிய பிறகு வந்த ஏற்பாடு. மனிதருக்கு இருக்கை. இயந்திரருக்குச் சரக்கறை, அங்கே காற்று கிடையாது.

ஆட்டம் பழைய பாரசீகத்துடையது. அதில் படைகள் மெல்ல நகரும். மோதல் வருமுன் இரு தரப்பும் தத்தம் காய்களைத் தமக்குப் பிடித்த அணியில் நிறுத்திக்கொள்ளும். அந்தத் தொடக்க அணிக்குத் தபியா என்று பெயர். சோதனை அதுவரைதான்.

சகாயராணி கவனமாக ஆடினாள். எதிரே பலகை இயந்திரம் யானையை நகர்த்தியதும் தன் குதிரையை மாற்றி வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

“எதிராளியைப் பாத்துப் பாத்து ஆடியிருக்கீங்க. மனுசங்க அப்படி ஆட மாட்டாங்க,” என்றார் அதிகாரி, உள்ளங்கைத் திரையிலிருந்து தலை தூக்காமல்.

“சார், என் மொகத்தப் பாருங்க. எம் மவளைக் கைக்கொழந்தையா விட்டுட்டு வந்தேன். அடுத்த கப்பலுக்கு ரெண்டு வருசம் ஆவும்.”

“இன்னொரு தடவை ஆடலாம். அதுலயும் தோத்தா கெளம்பிருங்க.”

வரிசையில் பின்னால் நின்றவர் மெல்லச் சொன்னார்: “அந்தப் பக்கமே பாக்காதீங்க. உங்க காயை மட்டும் அடுக்குங்க.”

அப்படியே செய்தாள். பச்சை விளக்கு.

கப்பலில் அவரே பக்கத்து இருக்கையில் இருந்தார். மற்ற எல்லோரும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மகளைப் பற்றிப் பேசினாள். நாத்தனார் வீட்டில் வளர்வதை, இருட்டைக் கண்டால் அழுவதை, வேறு என்னென்னவோ. வெகுநேரம் கழித்து அவர் கேட்டார்:

“இப்பவும் வெளக்கு போட்டாத்தான் தூங்குதா?”

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். இத்தனை நேரத்தில் அவர் ஒரு கொட்டாவிகூட விடவில்லை.

“நீங்க எப்படித் தேறினீங்க?”

“கஷ்டப்பட்டுத்தான். கண்ணை மூடிக்கிட்டு ஆடினேன்.”

அவளுக்குப் புரிந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தபோது பணிப்பெண் வந்து நின்றாள். புறப்படுமுன் கடைசிச் சரிபார்ப்பு.

“பக்கத்துல இருக்கிறவர் மேல சந்தேகம் ஏதாவது உண்டா?”

அவர் கைகள் அசையாமல் மடியில் கிடந்தன.

“இல்லீங்க,” என்றாள் சகாயராணி. “அப்பலேருந்து பேசிட்டு வர்றேன். ஒண்ணக்கூட காதுல வாங்கல இந்த மனுசன்.”

பணிப்பெண் திருப்தியோடு அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள்.