அன்பாகக் கேட்டால்

அவள் மேஜைமேல் இரண்டு ஆப்பிள்கள் இருந்தன. மற்ற ஐந்து மேஜைகளிலும் ஒவ்வொன்றுதான்.

மாதம் ஒருமுறை ஐயா இப்படி அலுவலகத்துக்குப் பழம் வாங்கி வருவது வழக்கம். எல்லோரும் வருவதற்கு முன்பே அவர் கையாலேயே மேஜை மேஜையாக வைத்துவிட்டுப் போவார். கீழ்த்தளத்து அறைகளில் அடைக்கப்பட்டவர்களை விசாரிப்பதும் அதே கைதான். அதை நினைத்துக்கொண்டு பழம் தின்ன முடியாது என்பதால் யாரும் நினைப்பதில்லை.

"எனக்கு மட்டும் ஏன்ணே ரெண்டு?" என்று பியூனைக் கேட்டாள்.

"நான் எங்கம்மா வச்சேன்? எல்லாம் ஐயா எண்ணி வச்சதுதான். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். அழுதா அழட்டும், நமக்குப் பழம் இனிச்சாச் சரி." சிரித்தவர், ஐயாவின் அறைக்கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

பதினோரு வருடமாக அங்கே டைப்பிஸ்டாக இருக்கிறாள். அவளைப் பற்றிய ஃபைலில் திருமணம் ஆகவில்லை, பெற்றோர் இல்லை, ஒரே தம்பி ஐந்து மாதத்துக்கு முன் எல்லை தாண்டி ஓடிவிட்டான், தனியாக வசிக்கிறாள் என்று இருக்கும். அந்தக் கடைசி இரண்டு வரிகளையும் அடித்ததே அவள்தான். தம்பி எந்த எல்லையையும் தாண்டவில்லை. சமையலறைப் பரணில், பழைய டிரங்குப் பெட்டிக்குப் பின்னால், நிமிர்ந்து உட்காரக்கூட உயரமில்லாத இடத்தில் ஐந்து மாதமாகப் படுத்துக்கிடக்கிறான். துண்டுப் பிரசுரம் அச்சடித்த கூட்டத்தில் அவனும் ஒருத்தன். மூன்று பேர் பிடிபட்டுக் கீழ்த்தளத்துக்குப் போய்விட்டார்கள். வெளியே, அவனைத் தவிர, இன்னும் ஒன்பது பேர். கீழே போனவர்களில் ஒருவருக்காவது விடுதலைக் காகிதம் அடித்ததாக அவளுக்கு நினைவில்லை.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தான் செய்யும். கைதவறி வைத்திருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு பழத்தை எல்லோரும் பார்க்கக் கடித்துத் தின்றாள். மற்றதைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். தம்பி அதைப் பரணில் படுத்தபடியே விதையோடு தின்று தீர்த்தான். யார் கொடுத்தது என்று அவள் சொல்லவில்லை.

எட்டு நாள் கழித்து ஐயாவே அவள் மேஜைக்கு வந்தார். அவர் நடந்தால் காலடிச் சத்தமே கேட்காது. முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பூனை என்றுதான் பெயர். டைப்ரைட்டர் பக்கத்தில் சின்ன அட்டைப்பெட்டி ஒன்றை வைத்தார். மூச்சிரைப்புக்காரர்கள் வாயில் வைத்து உறிஞ்சும் இன்ஹேலர்.

"எனக்கு அந்தத் தொந்தரவு இல்லீங்கய்யா."

"இல்லதான்," என்றார், குழந்தையிடம் பேசுகிற மாதிரி. "இருந்தாலும் வச்சுக்கங்கம்மா. மேல தூசி ஜாஸ்தியா இருக்கும்."

அவர் போய் வெகுநேரம் வரை அவளால் ஒரு எழுத்தும் அடிக்க முடியவில்லை. பரணில் ஏறிய பிறகுதான் தம்பிக்கு இரைப்பு வந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாதென்று துணியை வாயில் அடைத்துக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பான். கீழே நின்று மேலே பார்ப்பதைத் தவிர அவளால் ஒன்றும் செய்ய முடியாது. மருந்துக்கடையில் போய்க் கேட்க அவளுக்குத் துணிச்சல் வந்ததில்லை. அதே மருந்து இப்போது மேஜைமேல் உட்கார்ந்திருக்கிறது.

ஐயாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏன் அவனைப் பிடித்துக்கொண்டு போகவில்லை? ஒரு வண்டியும் நாலு ஆளும் அனுப்பினால் ஐந்து நிமிட வேலை. ஜன்னல் வழியே விழுந்த வெயில் மேஜைமேல் நகர்ந்து பெட்டியைத் தொடும்வரை அதையே யோசித்தாள். யோசிக்க யோசிக்க ஒரு நினைப்பு உள்ளே மெல்லப் புகுந்தது. பதினோரு வருட விசுவாசத்துக்கு இரங்கியிருப்பாரோ? அவரும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்தானே? காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டால், சின்னப் பையன் என்று விட்டுவிடுவாரோ? அந்த நம்பிக்கை இனித்தது. ஐந்து மாதத்தில் முதல்முறையாக நெஞ்சு லேசானது. அவள் எழுந்து ஐயாவின் அறைக்கே போய்விட்டாள்.

அறை காலியாக இருந்தது.

"ஐயா அப்பவே காரை எடுத்துட்டுப் போயிட்டாரும்மா," என்றார் பியூன். "டிரைவர்கூட வேண்டாம்னுட்டாரு. இந்த ஃபைலை உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாரு. அவசரமில்லையாம், மெதுவா அடிச்சாப் போதுமாம்."

வாக்குமூலம். கீழ்த்தளத்தில் எழுதி எடுப்பதைத் திருத்தமாக அடித்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. வாங்கியவுடனே கை எடை பார்த்தது. அடித்து உதைத்துக் கேட்ட வாக்குமூலங்கள் அரைப் பக்கம்தான் இருக்கும். இரண்டு பெயர் வரும், அதில் ஒன்று செத்துப்போன ஆளாக இருக்கும். சில வாக்குமூலங்கள் மட்டும் ஒன்பது பக்கம், பத்துப் பக்கம் போகும். அவற்றில் தெரு, வீட்டு எண், யார் யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள், எந்த மாடிப்படி வழியாக ஏற வேண்டும் என்பது வரை இருக்கும்.

இது ஒன்பது பக்கம். அடிக்கத் தொடங்கினாள். முதல் வரி: 'ஐயா எனக்குப் போர்வை கொடுத்தார்.'

விரல்கள் நின்றன.

போன மாதம் அடித்ததின் முதல் வரி, 'ஐயா என் புண்ணுக்கு மருந்து போட்டார்.' அதற்கு முன்னால், 'ஐயா என் அம்மாவின் கடிதத்தைப் படித்துக் காட்டினார்.' பக்கம் நிறைந்த வாக்குமூலம் ஒவ்வொன்றும் அப்படித்தான் தொடங்கும். நூறுக்கு மேல் அடித்திருப்பாள். எழுத்துப்பிழை பார்த்தாளே தவிர, ஒன்றையும் படிக்கவில்லை. படிக்காமல் அடிப்பதுதான் நல்ல டைப்பிஸ்ட்டுக்கு அழகு என்று பெருமை வேறு பேசியிருக்கிறாள். அடித்தால் மனிதன் இறுகிப்போகிறான், அணைத்தால் கொட்டிவிடுகிறான். இரண்டு பழத்துக்கும் ஒரு மருந்துக்குமே அவள் காலில் விழப் போனாளே!

பையைக்கூட எடுக்கவில்லை. ஓடினாள்.

பஸ் வரவில்லை. பாலத்தின்மேல் ஓடினாள். செருப்பு அறுந்தது, உதறிவிட்டாள். தெருவிளக்குகள் இன்னும் எரியவில்லை, வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. தெருமுனை. ஐயாவின் கார். அதற்குள் யாரும் இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

வீட்டுக்கதவு திறந்திருந்தது. உடைக்கவில்லை. பூட்டு ஒழுங்காகக் கொண்டியில் தொங்கியது.

உள்ளே சோப்பு வாசனை. வெந்நீரின் ஈர ஆவி. சமையலறைத் தரையில் ஈரக் காலடிகள். வெறுங்கால்கள். பக்கத்திலேயே, நெருக்கமாக, ஷூ தடங்கள். தாங்கிப் பிடித்து நடத்தி வந்ததுபோல.

பரண் காலி.

உள்ளறையில் யாரோ சிரித்தார்கள். தம்பி. அந்தச் சிரிப்பைக் கேட்டு ஐந்து மாதம் ஆகிறது.

அவன் விளக்குக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்தான். குளித்து, தலை வாரி, யாருடையதோ வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. எதிரே சட்டைக் கையை மடித்துவிட்டு ஐயா உட்கார்ந்திருந்தார், மடியில் தாள்கள். தம்பியின் கன்னத்துக் கண்ணீரைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா!" என்றான் தம்பி. முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "ஐயாவே தண்ணி காயவச்சுக் குடுத்தாருக்கா. கால் நடக்க வரல, தூக்கிட்டு வந்தாருக்கா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒம்பது பேரும் எங்க இருக்காங்கன்னு சொல்லிட்டேன். யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டாராம். நீதான் இத்தனை நாள் சாப்பாடு போட்டுக் காப்பாத்துனேன்னும் சொன்னேன்கா."

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஓடிப்போய் அவனை அறைய வேண்டும்போல், கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

ஐயா எழுந்தார். தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டார்.

"உக்காருங்கம்மா. பாவம், ஓடி வந்திருக்கீங்க. காலெல்லாம் ரத்தம் பாருங்க." தோளைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தார். நாற்காலி அவர் உடம்புச் சூட்டோடு இருந்தது. "வருஷக்கணக்கா நீங்கதானே எனக்காக அடிச்சீங்க? இன்னிக்கு நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

அவர் முழங்காலிட்டு அவள் பாதத்தைக் கையில் ஏந்தினார். அதில் குத்தியிருந்த கண்ணாடித் துண்டை வலிக்காமல், மிகமிக வலிக்காமல் எடுத்துவிட்டார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை அவள் உதட்டருகே கொண்டுவந்தார்.

அவள் வாய் தானாகத் திறந்தது.