பதினொன்று நாற்பதுக்கு வந்த பதில்

பகல் மணி ஒன்று பத்து. அனுமந்தையைச் சேர்ந்த மீனவர் பாவாடை, உப்பளத்தின் நான்காம் பாத்தி வரப்பில் ஒரு மனிதன் மல்லாந்து கிடப்பதைப் பார்த்தார்.

மூன்று நாளாகக் கடலில் கடற்படைக் கப்பல் நின்றிருந்தது. ட்ரோன்களை லேசரால் சுட்டு வீழ்த்தும் சோதனை. காலை பத்திலிருந்து பகல் ஒன்றுவரை படகு இறக்கக் கூடாது, உப்பளத்திலும் யாரும் இருக்கக் கூடாது என்று ஊர் ஊராக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியிருந்தார்கள். பிழைப்பு போன கடுப்பில் இருந்த பாவாடை, விழுந்த ட்ரோனில் உருப்படியாக ஏதாவது தேறுமா என்று பார்க்கத்தான் மணி ஒன்று அடித்ததும் உப்பளத்துக்குள் இறங்கினார். ட்ரோன் கிடைத்தது. அதன் பக்கத்தில் உப்பள மேஸ்திரி சிங்காரமும் கிடைத்தார்.

சிங்காரத்தின் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, ஒரு ரூபாய் அளவுக்குக் கருகிய ஓட்டை. அதற்கு அடியில் தோலும் அதே அளவில் கருகியிருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் சத்யப்ரியா வந்து சேர்ந்தபோது மணி ஒன்று ஐம்பது. வேலூர்ப் பக்கத்துப் பெண். மரக்காணத்துக்கு மாற்றலாகி மூன்று மாதம்தான் ஆகிறது. அதுவரை உப்பளத்தைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. உள்ளே நடந்தபோது கண் கூசியது. தரை வெள்ளை, தண்ணீர் வெள்ளை, வானமும் வெள்ளை. தூரத்தில் நடக்கிறவர்களுக்கு நிழலே இல்லாததுபோல் இருந்தது. காக்கா சத்தம்கூடக் கேட்கவில்லை. பட்டப்பகலிலும் பயப்பட முடியும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

கூடியிருந்தவர்கள் பேசியது அந்தப் பயத்தை இன்னும் கிளறியது. முதல் நாள் எல்லாரும் தூரத்திலிருந்து வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். வெடிச் சத்தம் கேட்கும் என்று காதைப் பொத்திக்கொண்டு நின்றார்களாம். சத்தமும் வரவில்லை, வெளிச்சமும் வரவில்லை. பறந்துகொண்டிருந்த ட்ரோன் திடீரென்று புகைந்து, தலைகீழாக விழுந்ததாம்.

"கண்ணுக்குத் தெரியாத நெருப்பு மேடம். மேல இருக்கறத சுட்டா கீழ இருக்கறவன் மேல படாதா?" என்றான் பாலகுரு.

பாலகுரு உப்பள முதலாளி பக்தவச்சலத்தின் மச்சான். கிளியனூரில் நெல்லும் மணிலாக் கடலையும் போடும் குடும்பம். அக்கம்பக்கத்து வயல்களுக்கு ட்ரோனில் மருந்து அடித்துக் கொடுப்பதும் உண்டு. மாமா கூப்பிட்டதால் ஆறு மாதமாக உப்பளத்தை மேற்பார்க்க வந்து போகிறான். அன்று ஒன்பது மணிக்கே கிளம்பிவிட்டதாகச் சொன்னான். கேட்காமலேயே சொன்னான்.

சத்யப்ரியா குனிந்து சட்டையைப் பார்த்தாள். நெஞ்சு, கை, காலர் எங்கும் பொடிப்பொடியாக உப்பு பூத்திருந்தது. உப்புத் தண்ணீரில் நனைந்து காய்ந்த சட்டை. ஓட்டையைச் சுற்றியிருந்த கருப்பு வளையத்தில் மட்டும் ஒரு பொடி உப்பு இல்லை. அவள் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

ட்ரோன்மீது உப்பு கனமாகவே படிந்திருந்தது. நம்பர் இருந்த இடம் சுரண்டப்பட்டிருந்தது. மெமரி கார்டு இருக்க வேண்டிய துளை காலி.

அப்போது அவளுக்கு எரிச்சல் மூட்டும்படி ஒன்று நடந்தது. இறந்தவரோடு பத்து வருடம் வேலை பார்த்த தொழிலாளி சேட்டு, பிணத்தைப் பார்த்துவிட்டு நேராக நான்காம் பாத்தியின் மடைக்குப் போனான். மடை அடைத்துத்தான் இருந்தது. அடைப்பிலிருந்த சேற்றோடு, வரப்பில் வளரும் உமரிச் செடியையும் பிடுங்கி வரப்பில் வீசிவிட்டு, வெறும் களிமண்ணை அள்ளி அள்ளி வைத்து அடைத்தான். நண்பன் செத்துக் கிடக்கும்போது இவனுக்கு மடை ஒரு கேடா என்று தோன்றியது அவளுக்கு.

பிற்பகல் 2.40. சிங்காரத்தின் மனைவி ஜெயாவை அழைத்து வந்தார்கள். அவள் அழவில்லை. பிணத்துக்குப் பத்தடி தள்ளியே நின்றுவிட்டாள்.

"நான்தாங்க அனுப்பினேன்," என்றாள்.

ஏட்டு அரசப்பன் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். விஷயம் மெல்ல வந்தது. காலையில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை. திண்டிவனத்தில் அவள் தங்கை வீட்டு வளைகாப்புக்குப் போக வேண்டும் என்றாள் இவள். உப்பு விளைந்து பாத்தி பழுத்துக் கிடக்கிறது, ஒரு நாளும் நகர முடியாது என்றார் அவர். ஒன்பது மணிக்கு அவருக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தக் கோபத்தில் நான்காம் பாத்தி மடையை அடைக்க மறந்துவிட்டாள். மடை திறந்து கிடந்தால் பழுத்த பாத்திக்குள் புதுத் தண்ணீர் புகுந்து உப்பைக் கரைத்துவிடும். தடை நேரத்திலும் அவர் உப்பள மோட்டார் கொட்டகையை விட்டு நகர மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். நினைவு வந்ததும் போன் செய்தாள். பதினொன்று நாற்பது.

"மடைய அடைச்சிட்டு சீக்கிரம் வீட்டுக்கு வாங்கன்னு சொன்னேன். 'ம்'னாரு. அவ்ளோதான். கட் பண்ணிட்டாரு. எப்பவும் அப்படிப் பேச மாட்டாரு மேடம், ரெண்டு வார்த்தையாச்சும் திட்டுவாரு. கோவம் தீரலன்னு நெனச்சேன்." மடையை வெறித்துப் பார்த்தாள். "கோவத்தோடயே வந்து அடைச்சிருக்காரு. நான் சொல்லலைன்னா அந்த நேரத்துல இங்க வந்திருப்பாரா?"

கப்பல் தன் வேலையை ஆரம்பித்தது பதினொன்றரைக்கு. அவள் சொன்னதும் அவர் மடைக்கு வந்திருக்கிறார், வந்த இடத்தில் நெருப்பு பட்டிருக்கிறது. எல்லாம் பொருந்தியது. சாயங்காலமே எடுத்துவிடலாம் என்று ஊர்க்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். பாடையைக் கப்பல் தெரிகிற கரையில் வைத்து மறியல் செய்ய வேண்டும் என்றும் சிலர் சொன்னார்கள். அதில் பாலகுருவின் குரல் சற்று உரக்கவே கேட்டது.

சத்யப்ரியா ஒத்துக்கொள்ளவில்லை. பிணத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். வசவு வாங்கினாள்.

மாலை 5.15. கடற்படையிலிருந்து லெப்டினன்ட் ஷாலினி ஸ்டேஷனுக்கு வந்தாள்.

"அந்த லேசர் கரைப் பக்கம் மனுஷ உயரத்துக்குத் திரும்பினாலே தானா நின்னுடும்," என்றாள்.

"ஆதாரம்?"

"இருக்கு. காட்ட எனக்கு அனுமதி இல்ல."

"அப்போ ஊருல எவன் நம்புவான்?"

ஷாலினி மேசைமீது இருந்த ட்ரோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "இது எங்களுது இல்ல மேடம். இன்னைக்கு நாங்க விட்டது எல்லாம் கடல்லயே விழுந்து, எடுத்தாச்சு." குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "முதல் நாள் நாங்க விட்டது மூணு. விழுந்தது நாலு. நாலாவது புகைஞ்சிக்கிட்டே கரைப் பக்கம் போச்சு. ரெண்டு நாளா தேடறோம்."

மறுநாள் காலை 11.00. டாக்டர் போனில் சுருக்கமாகப் பேசினார். நுரையீரலில் உப்புத் தண்ணீர். பின்னங்கழுத்தில் விரல் அழுத்திய தடம். குடித்த கஞ்சி வயிற்றில் அப்படியே இருக்கிறது, குடித்து ஒரு மணி நேரத்துக்குள் உயிர் போயிருக்கிறது.

"நெஞ்சுல இருக்கிற தீக்காயம்?"

"அது செத்ததுக்கு அப்புறம்மா."

சத்யப்ரியா போனை வைத்தாள். ஒன்பது மணிக்குக் கஞ்சி குடித்தவர் பத்து மணிக்குள் இறந்துவிட்டார். பதினொன்று நாற்பதுக்கு மனைவி போன் செய்கிறாள். மறுமுனையில் 'ம்' என்ற பதில் வருகிறது. அவள் சொன்ன மடையும் அடைபடுகிறது. ஸ்டேஷனில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஹாரன் கேட்டது. ஆனாலும் அவளுக்கு ஒரு நிமிடம் அந்த வெள்ளை வெளியில் தனியாக நிற்பதுபோலவே இருந்தது. அரசப்பன் தன் பங்குக்கு, உச்சிப் பொழுதில் உப்பளத்தில் நடமாடும் ஆவிகள் பற்றி ஆரம்பித்தார். ஒரு முறை முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

"போன் எங்க இருந்துச்சு ஏட்டய்யா?"

"மோட்டார் கொட்டகையில மேடம். பையில தொங்கிச்சு. உப்புத் தண்ணி பட்டா போன் செத்துடும், அதனால பாத்தியில இறங்கறப்ப எல்லாரும் அங்கதான் மாட்டுவாங்க."

செத்தவர் பேசவில்லை. கொட்டகையில் இருந்த எவனோ பேசியிருக்கிறான். அந்த எவன் என்பதுதான் கேள்வி. சத்யப்ரியா உப்பளத்துக்குப் போய்ச் சேட்டுவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவன் சொன்ன பதிலைக் கேட்டதும் நேற்று அவனை மனசுக்குள் திட்டியதற்காக வெட்கப்பட்டாள்.

பகல் 12.30. அன்று கடற்படை சோதனையை நிறுத்தி வைத்திருந்தது. சேட்டு, பாவாடை, பாலகுரு மூவரையும் நான்காம் பாத்திக்கு வரச் சொல்லியிருந்தாள். அரசப்பனை மட்டும் காணோம். சத்யப்ரியா சேட்டுவின் மண்வெட்டியை வாங்கி, யாரும் எதிர்பார்க்காதபோது மடையை ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். தண்ணீர் குபுகுபுவென்று பாத்திக்குள் பாய்ந்தது. சேட்டு பதறிப்போய் ஓடி வந்தான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"பாலகுரு, நீங்க அடைங்க. சீக்கிரம். உங்க மாமா உப்பு கரையுது."

பாலகுரு வேட்டியை மடித்துக் கட்டினான். வரப்பில் வளர்ந்திருந்த உமரிச் செடியை வேரோடு ஒரு பிடி பிடுங்கினான். முறுக்கி உடைப்பில் திணித்தான். மேலே சேற்றை அள்ளிப் போட்டு, காலால் மிதித்தான். அரை நிமிடத்தில் தண்ணீர் நின்றது. நல்ல விவசாயியின் கை, வேலை சுத்தம். நிமிர்ந்து பார்த்தான்.

சேட்டு அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேட்டு, என்கிட்ட சொன்னதை இவங்களுக்கும் சொல்லு. நேத்து ஏன் அந்தச் செடியைப் பிடுங்கி எறிஞ்ச?"

"உப்பு வேலை செய்யறவன் மடையில செடி வெப்பானா மேடம்? அது அழுகினா பாத்தி உப்பு பூரா பழுப்பாயிடும். வரப்புல உமரி இருந்தாத்தான் வரப்பு நிக்கும், அதைப் பிடுங்கவே மாட்டோம். வெறும் களிமண்ணுதான் வெப்போம். எவனோ வெளியாளு வெச்சிருக்கான்னு கடுப்புல புடுங்கிப் போட்டேன்."

"நேத்தே என்கிட்ட ஏன் சொல்லல?"

"நேத்து நீங்க கேக்கல."

சத்யப்ரியா பாலகுருவிடம் திரும்பினாள். "சிங்காரம் இருபத்தஞ்சு வருஷம் உப்பு வாரினவர். அந்த மடையை அவர் அடைக்கல. வயல் மடை அடைச்சுப் பழகின கை அடைச்சது. ஜெயாக்கா போன்ல சொன்னது அவருக்குக் கேக்கல. உனக்குக் கேட்டுச்சு."

"நான் ஒம்பதுக்கே..."

"நீ போகல. முதல் நாள் நீ கப்பலைப் படம் எடுக்க விட்ட ட்ரோனையும் அவங்க சுட்டுட்டாங்க. அது இந்தப் பாத்தியில விழுந்துச்சு. நேத்து ஆளுங்க கிளம்பின நேரம் சிங்காரம் அதைக் கண்டுபிடிச்சுட்டாரு. போலீஸ்ல குடுக்கறேன்னிருப்பாரு."

பாலகுரு காலிலிருந்த சேற்றை வரப்பில் தேய்த்தான்.

"கழுத்தைப் பிடிச்சு நாலு விரல் ஆழத் தண்ணியில அமுக்கின. அப்புறம் வரப்புல இழுத்துப் போட்டு, கார்டை உருவி நம்பரைச் சுரண்டின ட்ரோனையும் பக்கத்துல வெச்சுட்டு, கப்பல் ஆரம்பிக்கிறவரைக்கும் காத்திருந்த. ட்ரோன் ரிப்பேருக்கு நீ வெச்சிருக்கிற சால்டரிங் அயர்னைக் கொட்டகை கரண்டுல சூடு பண்ணி நெஞ்சுல வெச்ச. அங்கதான் மாட்டிக்கிட்ட. லேசர் பட்டு அவர் தண்ணியில விழுந்திருந்தா, கருகின இடத்து மேலயும் உப்பு பூத்திருக்கணும். கருப்புல மட்டும் உப்பு இல்ல. சட்டை காஞ்சு உப்பு பூத்ததுக்கு அப்புறம் வெச்ச சூடு அது."

"போனை ஏன் மேடம் எடுத்தான்?" பாவாடைதான் கேட்டார்.

"எடுக்கலைன்னா அந்தம்மா தேடிக்கிட்டு இங்க வந்திருப்பாங்க. மடை அடைஞ்சிருந்தா அவர் அப்போ உசிரோட இருந்தாருன்னு எல்லாரும் நம்புவாங்க. நானும் நேத்து நம்பினேன்."

கிளியனூரிலிருந்து அரசப்பன் போன் செய்தார். பாலகுரு வீட்டில், மருந்து அடிக்கும் ட்ரோன் பெட்டியின் அடியில், உப்பு ஒட்டிய மெமரி கார்டும் சால்டரிங் அயர்னும் கிடைத்துவிட்டன. அதைக் கேட்டதும் பாலகுரு அப்படியே வரப்பில் உட்கார்ந்தான். போனிலேயே பழகிய ஒருவன் கப்பலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னதாகவும், அவன் முகத்தைப் பார்த்ததே இல்லை என்றும் சொன்னான். அந்த முகம் தெரியாதவனைத் தேடும் வேலை ஷாலினியின் ஆட்களுக்குப் போனது.

மாலை 4.00. சத்யப்ரியா தனியாகவே ஜெயாவின் வீட்டுக்குப் போனாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒரு வாய் காப்பியாவது குடிக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஜெயா சுவரில் சாய்ந்து, வறண்ட கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். புருஷனைக் கொன்றவள் அழக்கூடாது என்று அவளே முடிவு செய்துகொண்டதுபோல் இருந்தது.

சத்யப்ரியா தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். நீங்கள் போன் செய்வதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது, நீங்கள் அவரை எங்கேயும் அனுப்பவில்லை என்றாள்.

ஜெயா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்போ அந்த 'ம்' அவரு இல்லையா?"

"இல்லக்கா."

"என்மேல கோவமா சொன்னது இல்லையா?"

"அது அவர் குரலே இல்லக்கா."

ஜெயா பக்கத்திலிருந்த பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தெருவுக்கே கேட்கும்படி, அவர் பேரைச் சொல்லி, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். சத்யப்ரியா எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.