ஆறு பழைய போல்ட்டுகள்

அன்று மதியம் மெக்கானிக் ஆர்ரின் டெஸ்கியின் ஷெட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். எண்ணெய் அடுப்பை ஒட்டி, கவிழ்த்த வாளியின் மேல் ஆர்ரின்; மடக்க முடியாத வலது முழங்காலை நீட்டி வைத்திருந்தான். என்றோ ஒரு லாரியிலிருந்து கழற்றிய நீளச் சீட்டில், பாதி படுத்தவாக்கில், அவன் மனைவியின் தம்பி லானி. கதவோரம் மடக்கு நாற்காலியில், கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் நிறுத்தியபடி மெர்னா ஹோல்கம். அவர்களுக்கு நடுவே நின்ற அறுபத்திரண்டாம் வருடத்து இம்பாலா கார் அவளுடையது. அதில் யாரும் உட்காரவில்லை. ஆனாலும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சீட், ஒரு ஆள் கனத்துக்கு அமுங்கியே இருந்தது.

பழைய ஸ்பிரிங். அப்படித்தான் இருக்கும் என்று ஆர்ரின் எண்ணிக்கொண்டான்.

"எஞ்சின், கியர்பாக்ஸ் ரெண்டும் போகணும்பா" என்றாள் மெர்னா. "அதுல இருந்து ஒரு போல்ட்டு கூட மறுபடி இந்த வண்டிக்குள்ள வரக் கூடாது. வாக்கு குடு."

"குடுத்தேங்க."

"நம்பாதீங்க" என்றான் லானி. "கல்யாணத்தன்னைக்கு இவர் குடுத்த வாக்கையே எங்கக்கா இன்னும் தேடிக்கிட்டிருக்கா."

மெர்னா சிரிக்கவில்லை. அவள் கணவன் க்ளெட்டஸ் செத்த கதை அந்த வட்டாரம் முழுக்கத் தெரிந்ததுதான். முந்தின வருடம் சோள அறுவடை முடிந்த சமயம், தானியக் கொட்டகைக்குள் இந்த வண்டியில் உட்கார்ந்து கியரைப் போட்டவனுக்கு அப்படியே நெஞ்சு நின்றுவிட்டது. வண்டியின் மூக்கு சுவரில் முட்டி நிற்க, மிதித்த கால் மிதித்தபடியே கிடக்க, பின் சக்கரங்கள் மண்ணைக் குடைந்துகொண்டே இருந்தன, பெட்ரோல் தீரும்வரை. சமையலறையில் மெர்னாவுக்கு அந்த இரைச்சல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஏதோ நோண்டிக்கொண்டிருக்கிறார் என்று சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

"பண்ணைய வித்தாச்சு. பனி விட்டதும் வயோமிங்குக்கு, மக வீட்டுக்குப் போறேன். அவர் ஆசையா வச்சிருந்த வண்டி, விக்க மனசு வரல. ஆனா அந்தச் சத்தத்தோட என்னால ஒரு மைல் ஓட்ட முடியாது." எழுந்தவள், பக்கத்துச் சீட்டின் கதவை விரலால் தடவினாள். "இந்த மனுஷன் ஒரு நாளாவது இறங்கி வந்து எனக்குக் கதவு திறந்துவிட்டதில்ல. உக்காந்த எடத்துலயே சாஞ்சு, உள்ளேருந்து தள்ளிவிடுவாரு. ஏறுடின்னு அர்த்தம். நாப்பது வருஷம் அப்படியே ஏறியிருக்கேன்."

மறுநாள் பழைய எஞ்சினைச் சங்கிலியில் தூக்கி, மூலையில் ஒரு டயரின் மேல் இறக்கினார்கள். இரண்டே கியர் கொண்ட அந்தப் பழைய ஆட்டோமேட்டிக் பெட்டியைத் தரையில் கிடத்தி எண்ணெயை வடித்தபோது, எதிர்பார்த்தபடி கருகல் வாடை அடித்தது. எதிர்பாராதது, எண்ணெய் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு வருடமாக ஓடாத பெட்டி. அடுப்பின் சூடாக இருக்கும் என்றான் லானி. அடுப்பு ஷெட்டின் அந்தக் கோடியில் இருந்தது. ஆர்ரினுக்கு வாதாடத் தெம்பில்லை, கையைத் துடைத்துக்கொண்டான். லானி போன பிறகு, விளக்கை அணைக்கப் போகையில், மூலையிலிருந்து டிக்கென்று ஒரு சத்தம், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நெடுந்தூரம் ஓடி வந்து அப்போதுதான் நின்ற எஞ்சின், ஆறும்போது இரும்பு சுருங்கிக் கொடுக்கும் சத்தம். முப்பத்தைந்து வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம்தான். அதனால்தான் அவன் விளக்கை அணைக்காமலே வெளியேறினான்.

புது எஞ்சினும் நான்கு கியர் கொண்ட புது ஆட்டோமேட்டிக் பெட்டியும் வந்தன. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டிய ஆறு போல்ட்டுகள் மட்டும் அளவு தப்பி வந்திருந்தன. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சாமான் கடை இருக்கும் ஊருக்குப் போகும் சாலையை மூடிவிட்டார்கள். கியர்பாக்ஸ் ஜாக்கின் மேல் நின்றுகொண்டிருந்தது, ஆர்ரின் அதன் அடியில் மல்லாந்து கிடந்தான், முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

கழற்றிய போல்ட்டைக் காப்பி டப்பாவில் போட்டு வைக்காத மெக்கானிக் அந்தப் பக்கத்தில் கிடையாது. லானி டப்பாவைக் குலுக்கினான்.

"இந்த இரும்பை இப்ப எவன் செய்யறான், மச்சான்? பழைய ஆறும் அச்சா பொருந்தும்."

"வாக்கு குடுத்திருக்கேன்டா."

"அந்தம்மா என்ன அடியில பூந்தா பார்க்கப் போகுது?"

ஆர்ரின் கண்ணை மூடிக் கிடந்தான். பிறகு கையை நீட்டினான்.

புது எஞ்சினை முதல் தடவை கிளப்பும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. இருபது நிமிடம் வேகம் குறையாமல் ஓட வேண்டும். குறைந்தாலோ நின்றாலோ உள்ளே வால்வுகளைத் தூக்கும் கேம் தண்டு தேய்ந்துபோகும், எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும். பின் சக்கரங்களை அந்தரத்தில் தூக்கி நிறுத்தி, புகைக் குழாயைக் கதவுக்கு வெளியே விட்டு, ஆர்ரின் உள்ளே ஏறி உட்கார்ந்தான். லானி திறந்த பானட்டுக்கு முன்னால் எண்ணெய்க் கசிவு பார்க்க நின்றான். பானட் மறைத்ததில் அவன் தலைகூடத் தெரியவில்லை.

எஞ்சின் பிடித்தது. புதுச் சத்தம், சுத்தமான சத்தம். மிதித்த காலை அசைக்காமல், கண்ணாடிக்கு முன்னால் சுவர்போல் நின்ற பானட்டைப் பார்த்தபடி, இந்த ஒரு வேலையோடு கடையை மூடிவிடலாமா என்றுகூட அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது, சூடான பெயிண்டின் நெடிக்குக் கீழிருந்து வேறொரு வாசனை மெல்ல மேலே வந்தது. புதினா போட்ட புகையிலை. க்ளெட்டஸ் கீழுதட்டில் அடக்கிக்கொள்வது.

ஸ்டியரிங் ஓரத்துக் கியர்க்கம்பி நகர்ந்தது. நிறுத்த நிலையிலிருந்து ஒரு படி. இன்னொன்று. கடைசியில் ஓட்ட நிலையில் போய் விழுந்தது.

பின்னால் சக்கரங்கள் சுற்றத் தொடங்கின.

கம்பியை மேலே தள்ளினான். அசையவில்லை. "லானி!" எஞ்சின் இரைச்சல் அதை விழுங்கியது.

சீட் மாறிக்கொண்டிருந்தது. தொடைக்குக் கீழே பஞ்சு இல்லை. கெட்டியாக இரண்டு. நீளவாக்கில். தொடைகள். அவன் முதுகோடு ஒரு மார்பு. அசையாத மார்பு. மூச்சு இல்லை.

காலை எடுக்கப் பார்த்தான். முடியவில்லை.

அவன் காலின் மேல் இன்னொரு கால்.

சாவியைத் திருப்பினான். நிற்கவில்லை. மறுபடி. நிற்கவில்லை.

"போதும் மச்சான், நேரமாச்சு! விடு!" லானி பானட்டைத் தட்டினான். "விடுய்யா!"

விடவில்லை. டாங்கில் ஊற்றியிருந்த பெட்ரோல் கடைசிச் சொட்டுவரை தீர்ந்தபிறகுதான் விட்டது.

லானி கதவைத் திறந்து அவனை வெளியே இழுத்தான். ஆர்ரினின் வலது ஷூவின் மேல்தோலில் வேறொரு பூட்ஸின் அடித்தடம், வரி வரியாகப் பதிந்திருந்தது. லானி அதைப் பார்த்தான். கியர்க்கம்பியைப் பார்த்தான்.

"அந்த போல்ட்டு..."

"தெரியும்."

"மறுபடி இறக்கணும், மச்சான். இதை அந்தம்மா கையில குடுக்கக் கூடாது."

ஆர்ரின் சங்கிலியை அண்ணாந்து பார்த்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டான். "நாளைக்கு" என்றான்.

நாளைக்கு என்பது மறுநாளும் நாளைக்கு என்றே இருந்தது. லானி ஷெட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். பனி உருகி முற்றமெல்லாம் சேறானது. வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று மெர்னா இரண்டு தடவை ஃபோன் செய்தாள்; ஆர்ரினின் மனைவிதான் எடுத்துப் பேசினாள். ஒரு காலையில் அவன் வண்டியை வெளியே எடுத்து, தண்ணீர் அடித்துக் கழுவி, முற்றத்துச் சரளையில் நிறுத்தினான். சொன்னபடி கேட்டது. ஓட்டுகையில் சத்தமும் அருமையாக இருந்தது. புதினா வாசனை மட்டும் போகவில்லை.

அவள் குரலைக் கேட்டுக்கொண்டு பொய் சொல்ல முடியாது என்பதால் கடிதம் எழுதினான். வண்டி தயார். எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். பழையது எதுவும் இப்போது அதில் இல்லை. கடைசி வரியை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவைக் கையில் வைத்திருந்தான். அந்த வரியை அடித்துவிடுவதற்கும் அலுப்பாக இருந்தது. மாற்றுச் சாவியை உள்ளே போட்டு, உறையின் விளிம்பை நக்கி ஒட்டினான். பசையிலும் புதினா.

சாலையோரத் தபால் பெட்டிக்கு நொண்டி நடந்தான். எடுக்கத் தபால் இருக்கிறது என்று காட்டும் கொடியைத் தூக்கிவிடக்கூட வேண்டியிருக்கவில்லை, தபால்காரி காரோடு வந்து நின்றாள்.

"இதொண்ணுதானா ஆர்ரின்?"

"இதொண்ணுதான்."

அவள் கடிதத்தை வாங்கி மற்றவற்றோடு செருகிக்கொண்டாள். நல்ல வெயில். காற்றே இல்லை. அவள் கார் மெர்னாவின் பண்ணைப் பக்கம் திரும்பியபோது, ஆர்ரினுக்குப் பின்னால், முற்றத்தில், ஒரு கீல் முனகியது.

அவன் திரும்பிப் பார்த்தான்.

இம்பாலாவின் பக்கத்துச் சீட்டின் கதவு, உள்ளேயிருந்து ஒருவர் சாய்ந்து தள்ளிவிட்டதுபோல், மெதுவாக, முழுசாகத் திறந்து நின்றது.