விஜயதசமியன்று மாறிய எண்

"மொதலாளி சாயங்காலத்துக்குள்ள கெளம்பிருன்னுட்டாரு சார். நான் தப்புப் பண்ணல."

அபிராமி உட்கார மறுத்து நின்றுகொண்டே பேசினாள். உசிலம்பட்டியிலிருந்து வந்து, திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனமொன்றில் ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிப்பவள். ஜெர்மானிய ஆர்டருக்குத் துணியின் எடை சதுர மீட்டருக்கு நூற்றெண்பது கிராம். கணினியிலோ நூற்றைம்பத்தொன்று என்றிருந்தது. அதை நம்பி ஓட்டிய துணி மெலிந்து வீணாயிற்று. பதிவுசெய்தவள் அவளாதலால் பிழையும் அவளுடையதென்று முதலாளி கந்தப்பன் தீர்மானித்துவிட்டார்.

துப்பறிவாளர் சிவசுப்பிரமணியம் உதவியாளர் பக்கம் திரும்பினார். "முன்னாடி என்ன எண் இருந்துச்சுன்னு பாக்க வழியில்லையா, தரணி?"

கணினிப் பொறியியல் படித்த தரணி துள்ளி எழுந்தாள். "இருக்குதுங்க சார்! போன மாசந்தான் அங்க ஆர்டரெல்லாம் பதியற டேட்டாபேஸை ஆரக்கிள் 10ஜிக்கு மாத்துனாங்கன்னு இவங்க சொன்னாங்களே. முன்னெல்லாம் கடைசி எண்ண மட்டுந்தான் சுலபமாப் பாக்கலாம். இதுல பழசைத் திருப்பிப் பாக்கற பிளாஷ்பேக்ல புது வசதி வந்திருக்குது. ஒரே பதிவு எப்பெப்ப எப்படி இருந்துச்சுன்னு வரிசையாக் காட்டிருமுங்க! ஆனா ரொம்ப நாள் தாங்காது. பழைய தடம் அழியறதுக்குள்ள போயிரோணும்."

மூவரும் நிறுவனத்துக்குள் நுழைந்தபோது கணினித் திரைகளின் நெற்றியில் ஆயுதபூசைச் சந்தனம் இன்னும் உதிராதிருந்தது. கந்தப்பனும், துணி பின்னும் நிட்டிங் பிரிவை நடத்தும் அவர் மச்சான் தமிழ்செல்வனும் தரணியின் முதுகுக்குப் பின்னே குழுமினர். அவள் கட்டளையைத் தட்டினாள். இரண்டு வரிகள் விழுந்தன.

"வந்திருச்சு! பூசைக்கு முந்தி நூத்தியெம்பது. விஜயதசமி காலைல நூத்தியம்பத்தொண்ணு!"

அபிராமியின் முகம் மலர்ந்தது. கந்தப்பன் முகமோ கறுத்தது. "அப்பத் தெரிஞ்சே மாத்திருக்கறயா, கண்ணு?"

"ஐயோ சார்!"

"மாத்துனது யாருன்னு அதுல வருமா?" என்றார் சிவசுப்பிரமணியம்.

"வருமுங்க. ஆனா இங்க எல்லாரும் ஒரே பேர்ல, ஒரே பாஸ்வேர்டுலதான் உள்ள போறாங்க," என்று தரணி சோர்ந்தாள்.

சிவசுப்பிரமணியம் சிறிதும் கலங்காமல் தமிழ்செல்வனைக் கேட்டார்: "இந்தப் பொண்ணை மாட்டிவிடோணும்னா நீங்க என்ன எண் போடுவீங்க?"

"என்னையவே சந்தேகப்படறீங்களா? நானா இருந்தா நூத்தியறுபது போட்டிருப்பனுங்க, அதுவும் வழக்கமா ஓட்டற எடைதான். ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான்."

"சரியாச் சொன்னீங்க. கெடுக்க நினைக்கறவன் புழக்கத்துல இருக்கற எண்ணைத்தான் போடுவான். கைதவறி நூத்தியெம்பது நூத்தியம்பத்தொண்ணு ஆகவும் ஆகாது. ரெண்டு இலக்கம் மாறியிருக்குது. அம்பத்தொண்ணு, நூத்தியொண்ணு, நூத்தியம்பத்தொண்ணு… இதெல்லாம் நம்ம ஊர்ல எங்கீங்க வைப்போம்?"

"காணிக்கைலீங்க, மொய்யிலீங்க…" என்று தொடங்கிய தமிழ்செல்வன், பாதியில் நிறுத்திக் கந்தப்பனைப் பார்த்தான்.

"விஜயதசமிக்கு மெசினையெல்லாம் முதல்ல கைவெச்சு ஓட்டிவிடறது யாரு?"

"நானுங்க," என்றார் கந்தப்பன். "கம்ப்யூட்டரும் மெசின்தானுங்களே. அதையும் சும்மா விடலாமுங்களா? நல்ல நேரம் பாத்து நல்லதா ஒரு எண் தட்டுனேன். சும்மாதானுங்க தட்டுனேன்!"

"திறந்திருந்த ஆர்டர்மேல தட்டியிருக்கறீங்க. மூடறப்ப, சேமிக்கட்டுமான்னு அது கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சுங்க." கந்தப்பனின் குரல் தணிந்தது. "எஸ் அமுத்துனேன். நல்ல நாளும் அதுவுமா, நோன்னு எப்படிங்க அமுத்தறது?"

தரணி வாய்பொத்திச் சிரித்தாள். அபிராமி சிரிக்கவில்லை, மேசைமேல் கட்டி வைத்திருந்த தன் பொருள்களைப் பார்த்தபடி நின்றாள்.

கந்தப்பன் தாமே அந்தக் கட்டை அவிழ்த்தார். "தப்பு என்னுதுதான், கண்ணு. துணிய மறுபடி ஓட்டிக்கலாம். நீ உக்காரு."

"எல்லார் முன்னாடியும் என்னையத் திட்டுனீங்க சார்."

அவர் கதவைத் திறந்து, உள்ளே புகுந்த பின்னல் எந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே தமிழ்செல்வனிடம் கத்தினார்: "மச்சான், மெசினையெல்லாம் நிறுத்தச் சொல்லுங்க. எல்லாரையும் இங்க வரச் சொல்லுங்க!"