கடை மூடிய காலை

வெல்டர் அந்தக் கவரை மேசைமேல் வைத்தார், ஆனால் கையை எடுக்கவில்லை. தீக்காயத்துக்குக் கட்டுப்போட்ட கை.

"இதை வித்தவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் துப்பறிவாளருக்கு ஒரு நாற்காலி, அவருடைய மச்சானுக்கு ஒரு ஸ்டூல். மச்சான் செல்போன் கடை வைத்துத் தோற்றவன். கணினி என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம். வெல்டர் மகனின் லேப்டாப்பையும் நீட்டியதும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

வெல்டர் விஷயத்தைத் துண்டு துண்டாகச் சொன்னார். கல்லூரியில் படித்த ஒரே மகன். ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் தவித்தவன், போன மாதம் ஒரு காலையில் எழுந்திருக்கவே இல்லை. தலையணைக்குப் பக்கத்தில் இந்தக் கவரும், பெயர் இல்லாத உதிரி மாத்திரைகளும் கிடந்தன. அவமானத்துக்குப் பயந்து கவரைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். மாரடைப்பு என்று டாக்டரிடம் பேசி எழுதி வாங்கியது அவருடைய அக்கா. ஆஸ்பத்திரி நர்ஸ், அவரோடு ஒரே வீட்டில் இருப்பவள். தாயில்லாப் பிள்ளையை வளர்த்தவள். கவரைப் பார்த்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே. ஊர் உறவுக்கெல்லாம் இன்றுவரை மாரடைப்புதான்.

"அந்தக் கண்றாவிச் சந்தையை இவனுக்குக் காட்டிக் கொடுத்தது கூடப் படிச்ச ஒருத்தன். அவன்தான் வித்திருப்பான். அவன் கையை உடைக்கணும்."

மச்சான் அதற்குள் டார்க் வெப்பில் நுழைந்திருந்தான். சாதாரணத் தேடலில் அகப்படாத சந்தை அது. வாங்குகிறவனுக்கும் முகம் இல்லை, விற்கிறவனுக்கும் முகம் இல்லை. பையன் பொய்ப் பெயரில் வாங்கி, ரயில் நிலையத்துப் பார்சல் பெட்டியிலிருந்து பொட்டலத்தை எடுத்திருக்கிறான். விற்றவரின் புனைபெயர் 'அமைதி'.

"மாமா, இதைக் கண்டுபிடிக்க வழியே இல்ல. போலீஸே கையை விரிக்கும்," என்றான் மச்சான். "'அமைதி'யோட கடையும் மூடியாச்சு. 'இனி விற்பனை இல்லை'ன்னு ஒரே வரி. பையன் செத்த அன்னிக்குக் காலையிலதான் போட்டிருக்கு."

துப்பறிவாளர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வெல்டரின் கைக்கட்டைப் பார்த்தார். யார் கட்டியது என்று கேட்டார். அக்கா என்றார் வெல்டர்.

"கூடப் படிச்ச அந்தப் பையனையும் வரச்சொல்லுங்க. உங்க வீட்டுல பேசுவோம்."

மறுநாள் மத்தியானம் வெல்டர் வீட்டுக் கூடத்தில் நண்பன் கதவோரமாக, ஓட வசதியாக, உட்கார்ந்திருந்தான். அக்கா சமையலறை வாசலில் நின்றாள். பிள்ளை இறந்தபோது தான் வெளியூரில் இருந்ததாகவும், விஷயமே அடுத்த வாரம்தான் தெரிந்ததாகவும் பயந்து பயந்து சொன்னான். வெல்டர் எழுந்தார். துப்பறிவாளர் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"வாங்கினது பொய்ப் பேர்ல. 'அமைதி'க்கு உங்க பிள்ளை யாருன்னே தெரியாது. தன் மாத்திரையால ஒருத்தன் செத்தான்னு எப்படித் தெரியும்? பேப்பர்ல வரல. ஊருக்கெல்லாம் மாரடைப்பு. ஆனா அன்னிக்குக் காலையிலயே பதறிப்போய்க் கடையை மூடறாங்க. அப்ப, தான் ஒட்டின கவரை அந்த ரூம்லயே பாத்திருக்கணும்."

துப்பறிவாளர் கவரை எடுத்து வெல்டரின் கைக்கட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"கவரை டேப் போட்டு ஒட்டியிருக்கு. டேப் நுனியை உள்பக்கமா மடிச்சு விட்டிருக்கு. கிளவுஸ் போட்ட கைக்குச் சட்டுனு பிரிக்க வரணும்னு ஆஸ்பத்திரி வார்டுல அப்படி மடிப்பாங்க. உங்க கைக்கட்டுலயும் அதே மடிப்பு. இதை மட்டும் வெச்சு நான் யாரையும் சொல்லமாட்டேன். ஆனா கவரைப் பாத்தது ரெண்டே பேர்."

வெல்டர் தன் கையைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

அவள் அழவில்லை. வார்டில் செத்துப்போனவர்களின் மிச்ச மாத்திரைகளைச் சேர்த்து விற்றதாகச் சொன்னாள். ஒரே நிறமாக இருந்ததால் வீரியம் கூடியதும் குறைந்ததும் கலந்துபோயிருக்கலாம் என்றாள்.

"அவன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே பாத்துக் குடுத்திருப்பேன்டா. அத்தை திட்டுவான்னு கேக்கல. நம்ம பிள்ளைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வேற வீட்டுப் பிள்ளைன்னா பரவாயில்லையாக்கா?"

வெல்டர் துப்பறிவாளர் பக்கம் திரும்பினார். குரல் அடியோடு மாறியிருந்தது.

"சார், இந்தப் பையன்தான்னு எழுதிக் குடுத்துருங்க. எனக்குன்னு இருக்கறது இவ ஒருத்திதான்."

நண்பன் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். மச்சான் அவனுக்கு முன்னால் போய் நின்றான்.

"எழுத மாட்டேன்," என்றார் துப்பறிவாளர். "போலீஸ்ல நீங்களே சொல்றதுன்னா சொல்லுங்க, இல்லன்னா சாயங்காலம் நான் சொல்வேன். அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. கடையை மூடறப்ப 'இருக்கறதைச் சாப்பிடாதீங்க'ன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமேம்மா?"

"எழுதினா நான்தான்னு ஆயிடுமே."

"வாங்கினவங்க எத்தனை பேர்?"

தெரியாது என்றாள். பேர் இல்லாதவர்களை எப்படி எண்ணுவது.

வெல்டர் மச்சானிடமிருந்து லேப்டாப்பை வாங்கி அவள் முன்னால் வைத்தார். 'அமைதி'யின் கடைப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்: மாத்திரைகள் ஆபத்தானவை, சாப்பிடாதீர்கள், ஒருவர் இறந்துவிட்டார். அனுப்பினாள். நால்வரும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள்.

திரையில் முதல் பதில் வந்தது. மச்சான்தான் வாய்விட்டுப் படித்தான்.

"அவ்வளவு வீரியமா? இன்னும் இருக்கா?"